எண்ணெயில் தங்கி வாழ்வோர்

கொட்டாஞ்சேனையில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் உலகப்பன், தன் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும், அரசாங்கம் கொடுத்த எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டதில்லை. அவருடைய அப்பா ஒரேயொரு கட்டத்தை வெறுமையாக விட்ட குற்றத்துக்காகக் குடியுரிமைக்குப் பதினெட்டு வருடம் காத்துக் கிடந்தவர். அதனால் அந்த வீட்டில் பேனா பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் ஒரே பாடம்தான். கேட்டதற்குப் பதில் எழுது, உண்மையை எழுது, கட்டத்துக்கு வெளியே போகாதே.

ஆகவே கிராம உத்தியோகத்தர் ரெனால்ட் ஒரு மஞ்சள் படிவத்தைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனபோது, உலகப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது: ‘எண்ணெயில் தங்கி வாழ்வோர் பற்றிய விபரத் திரட்டு.’

உலகப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று தலைமுறையாக நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் என்று அளந்து கொடுத்த குடும்பத்தை அரசாங்கம் கடைசியில் நினைத்துப் பார்த்திருக்கிறது. மானியமாக இருக்கலாம், குறைந்தபட்சம் ஒரு சான்றிதழாவது இருக்கலாம். தங்கி வாழ்வோர் என்ற இடத்தில் தன் பெயரையும், மனைவி கண்ணாத்தாள் பெயரையும், மகள் லக்ஷ்மிப்பிரியா பெயரையும் எழுதினார். ‘எவ்வளவு காலமாக?’ என்று கேட்டிருந்தது. ‘பாட்டனார் காலம் முதல்’ என்று எழுதினார். ‘இத்தங்கி வாழ்தலிலிருந்து விடுபட முயன்றதுண்டா?’ என்ற கேள்வி அவரைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பிறகு உண்மையை எழுதினார்: ‘இல்லை. விருப்பமும் இல்லை.’

அந்தத் தெருவில் வேறு யாரும் அப்படி எழுதவில்லை. கொட்டாஞ்சேனையில் அரசாங்கம் உன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள், பிறகுதான் என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பார்கள். கொழும்பிலும், நாடு முழுவதிலும் அதேதான் நடந்தது. மஞ்சள் படிவங்கள் எல்லாம் ‘இல்லை’ என்று திரும்பிப் போயின. ஒன்றைத் தவிர.

படிவத்தை அனுப்பியது கனிய எண்ணெய்த் தங்கிவாழ்தல் ஒழிப்பு அதிகாரசபை. பெற்றோல் வரிசையில் சனங்கள் நாள்கணக்காய் நின்று செத்த காலத்துக்குப் பிறகு, இனி இப்படி நடக்கக் கூடாது என்று தொடங்கப்பட்டது. தொடங்கிய பிறகுதான் பெற்றோலும் டீசலும் வேறொரு அமைச்சுக்குச் சொந்தம், அவற்றைப் பற்றி வாயே திறக்க முடியாது என்று தெரியவந்தது. சபைக்குக் கட்டடம் எடுத்தாகிவிட்டது, பதினொரு ஜீப்பும் வந்துவிட்டது, ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். கலைக்க மனம் வரவில்லை. ஆகவே மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிற மசகெண்ணெயிலிருந்து வருகிறவற்றில் எரிக்கிற சாமானை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் சபை எடுத்துக்கொண்டது. வாளி, சீப்பு, செருப்பு, சாயம், மாத்திரை, மெழுகுதிரி, தார் றோட்டு. மிச்சம்தான் நிறைய இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று பரிசோதகர்கள் கடைக்கு வந்தார்கள். மூத்தவர் உலகப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கோடிச் சனத்தில் தன் நிலையைத் துணிந்து ஒப்புக்கொண்ட ஒரே குடும்பம் இதுதான் என்று சிங்களத்தில் சொல்லி, தன் ஆட்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருவர் கைதட்டினார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கர்களை எடுத்தார்கள்.

கடையில் தொடங்கினார்கள். கேன்கள், புனல், தராசின் மூடி, மேசை விரிப்பு. வீட்டுக்குள் போய் வாளி, பேசின், பற்தூரிகை, மின்விசிறி, சுவரில் பூசிய பெயின்ற். முருகன் படத்துக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் உறைக்கு, மரியாதையாகக் காலடியில் ஒட்டினார்கள். உலகப்பனை வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசைப் பொய்ப்பற்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, வாய்க்குள் ஒட்ட முடியாததால் சட்டைப் பையில் ஒட்டினார்கள். சட்டையும் பொலியெஸ்டர் என்று கண்டுபிடித்ததும் பக்கத்தில் இன்னொன்று. கடைக்கு முன்னால் ஓடுகிற தார் றோட்டில் கடையின் அகலத்துக்கு அளந்து அதிலும் ஒட்டினார்கள். ஒரு ஓட்டோ அதன்மேல் ஏறிப் போனது.

கடைசியாக நல்லெண்ணெய்ப் பீப்பாவுக்கு வந்தார்கள். மூத்தவர் விரலால் தொட்டு மணந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். எண்ணெய் என்றார் உலகப்பன். எள்ளிலிருந்து ஆட்டியது என்று தெரிந்ததும் மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, இது எமது வரம்புக்குள் வராது என்று எழுதினார். எண்ணெயில் தங்கி வாழ்வோரின் வீட்டில் மஞ்சள் ஒட்டாமல் மிஞ்சியது எண்ணெய் மட்டும்தான்.

உலகப்பனுக்கு அப்போதுதான் எங்கேயோ பிசகியிருக்கிறது என்று தோன்றியது. தான் தங்கி வாழ்வது இந்தப் பீப்பாவில்தான், நீங்கள் சொல்லுகிற எண்ணெய் எதுவென்றே தனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். மூத்தவர் கனிவாகச் சிரித்தார். கைநூலில் இரண்டாவது கட்டம் மறுத்தல் என்று போட்டிருக்கிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது என்றார்.

பின்னறையில் கண்ணாத்தாள் படுத்திருந்தாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம். வயிற்றில் ஒரு சிறிய குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, கம்பியில் தொங்குகிற பையிலிருந்து மருந்துத் தண்ணீர் அந்தக் குழாய் வழியே வயிற்றுக்குள் இறங்கும். சில மணி நேரம் கழித்து உடம்பின் அழுக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு வேறொரு பைக்குள் வடியும். அவளுடைய சிறுநீரகம் என்றால் அந்தப் பைதான். மாதத்துக்கு நூற்றியிருபது பை ஆஸ்பத்திரி கொடுக்கும்.

மூத்த பரிசோதகர் தொங்கிக்கொண்டிருந்த பையைத் திருப்பி அடியில் எழுதியிருந்ததை வாசித்தார்.

“பீவீசி,” என்றார். ஒட்டினார்.

“எம் மேலயும் ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க,” என்றாள் கண்ணாத்தாள். “பாதி உடம்பு அதுதானே.”

சிங்களத்தில் சொல்லியிருந்தால் ஒட்டியிருப்பார்கள்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. பதிவுபெற்ற தங்கி வாழ்வோருக்குக் கனிய எண்ணெய்ப் பொருள் எதுவும் சபையின் சம்மதமின்றி வழங்கலாகாது. பை நிறுத்தப்பட்டுவிட்டது. வீட்டில் இருபத்திரண்டு பை இருந்தன. உலகப்பன் அவற்றை மூன்று முறை எண்ணினார். ஒரு நாளைக்கு நான்கு என்பதை மூன்றாக்கிக்கொள்ளலாம் என்று கண்ணாத்தாளே சொல்லிவிட்டாள்.

ரெனால்ட் வந்து கல்லாவில் கையூன்றிக்கொண்டு நின்றார். “ஐயோ முதலாளி, யாரு உங்களை எழுதச் சொன்னது? எல்லாரும் இல்லைன்னு தானே போட்டாங்க. என் வீட்டிலயும் நான் இல்லைன்னு தான் போட்டேன்.”

“கேட்டிருந்தாங்க. எழுதினேன்.”

“கேப்பாங்க தான்,” என்றார் ரெனால்ட்.

சபையின் தலைமையகம் வெள்ளவத்தையில், காலி வீதியில், புடவைக் கடைகளுக்கு மேலே ஆறு மாடி. உலகப்பன் வெள்ளிக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பதின்மூன்று பை இருந்தது. கண்ணாத்தாளின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கத் தொடங்கியிருந்தது.

நான்காம் மாடியில் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் சுபோதினி இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, முப்பது வயதிருக்கும், மேசையெல்லாம் அகராதி. உலகப்பன் படிவத்தை நீட்டி, தான் எழுதியது நல்லெண்ணெயைப் பற்றி என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. சிங்களப் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் ‘கனிய எண்ணெய்’ என்று தெளிவாக இருந்தது. தமிழில் ‘கனிய’ இல்லை.

“ஓம் ஐயா, அது விடுபட்டுப் போச்சு,” என்றாள் மெதுவாக. “தலைப்புக்குத் தந்த கட்டம் சின்னன். சிங்களம் ஒரு வரியில வந்திட்டுது. எங்கட எழுத்து நீளம் தானே, அடங்கேல்லை. ஒரு சொல்லை எடுக்கச் சொன்னவை. எடுத்தனான்.”

“அந்தச் சொல்லைத் திருப்பி வைங்க அம்மா. என் பேரை வெட்டிடுங்க. முடிஞ்சுது.”

சுபோதினி கண்ணாடியைக் கழற்றினாள். சட்டம் வெளியான அரசாங்க வர்த்தமானியில் ஒரு வாசகம் இருக்கிறதாம். மொழிகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும். ஆகவே தமிழில் என்ன இருந்தாலும் உலகப்பன் கையெழுத்து வைத்தது சிங்களத்துக்குத்தான். அவர் நல்லெண்ணெய் என்று நினைத்தது அவருடைய சொந்த விடயம். சட்டப்படி அவர் பாட்டனார் காலம் முதல் கனிய எண்ணெயில் தங்கி வாழ்பவர், அதிலிருந்து விடுபட விருப்பமும் இல்லாதவர்.

“அப்ப எனக்குத் தமிழ்ல எதுக்குப் படிவம் தந்தீங்க?”

“அது உங்கட உரிமை ஐயா,” என்றாள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

பெயரை வெட்டுகிற அதிகாரம் சபையின் தலைமை அதிகாரியான பணிப்பாளர் நாயகத்துக்கு மட்டும்தான். அவர் சனி, ஞாயிறு வரமாட்டார். திங்கள் போயா விடுமுறை. செவ்வாய் அவர் மண்சட்டிக் கண்காட்சி ஒன்றைத் திறந்துவைக்கிறார். புதன்கிழமை வரச்சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். கண்ணாத்தாள் ஒரு நாளைக்கு இரண்டு பைக்கு வந்தாள். சோற்றைக் கண்டால் ஓங்காளித்தாள். இரவும் பகலும் உடம்பைச் சொறிந்தாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த லக்ஷ்மிப்பிரியா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, தாயின் கைநகங்களை ஒட்ட வெட்டிவிட்டாள்.

புதன்கிழமை ஐந்து பை.

பணிப்பாளர் நாயகத்தின் அறையில் நிபுணர் குழுவும் உட்கார்ந்திருந்தது. கால் புதைகிற கம்பளம், தோலைப்போலச் செய்த நாற்காலிகள், மூலையில் ஒருநாளும் வாடாத பூக்கள். எதிலும் மஞ்சள் இல்லை. உலகப்பன் அதைப் பார்ப்பதைக் கண்டு பணிப்பாளர் நாயகமே விளக்கினார்: சபை தன்னையே ஆய்வு செய்வது நலன் முரண்பாடு ஆகும், அந்தளவுக்கு நாங்கள் நேர்மையானவர்கள்.

உலகப்பன் நாற்பது வருடமாகச் சிங்கள வாடிக்கையாளரோடு வியாபாரம் செய்கிறவர். சிங்களத்தில் தொடங்கினார். பணிப்பாளர் நாயகம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வேண்டாம் முதலாளி. உங்கள் தாய்மொழியில் பேசுங்கள். அது உங்கள் உரிமை. என் அறையில் அதை மீற நான் அனுமதிக்க மாட்டேன்.”

ஆகவே உலகப்பன் தமிழில் சொன்னார், சுபோதினி சிங்களத்தில் சொன்னாள். அவர் சொன்னது ஒரே விடயம்: நான்கு பையை இரண்டாக்கிவிட்டோம், இனியும் பை இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் மனைவி இருக்க மாட்டாள். சுபோதினி அதைச் சரியாகவே மொழிபெயர்த்தாள். பிறகு பணிப்பாளர் நாயகம் எழுந்து நின்று பேசினார். எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு எண்ணெய்க் கடைக்காரர் என்பது அவர் குரலுக்குத் தெரியவில்லை.

“நாங்கள் மருந்துக்கு எதிரானவர்கள் அல்ல. இதைப் பத்திரிகைகளும் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் பைக்கு மட்டுமே எதிரானவர்கள். இந்த நாட்டில் தங்கி வாழ்வோரே இல்லை என்று எல்லாப் படிவங்களும் சொன்னபோது, இந்தச் சபை எதற்கு என்று பாராளுமன்றத்தில் கேட்டார்கள். அந்த நேரத்தில் உங்கள் படிவம் வந்தது, முதலாளி. உங்கள் ஒரு குடும்பத்தால் இருநூற்றுப் பதினாறு பேருடைய வேலை காப்பாற்றப்பட்டது. உங்கள் பெயரை நான் எப்படி வெட்டுவேன்? வெட்டினால் எங்களிடம் யார் இருக்கிறார்கள்?”

குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், பையின் தேவையைப் படிப்படியாகக் குறைக்க நோயாளியைப் பயிற்றுவிக்க முடியாதா என்று கேட்டார். உடம்பு எதற்கும் பழகும், வரிசைக்கு இந்த நாடு பழகவில்லையா? இன்னொருவர் பைக்குப் பதிலாகக் கமுகம் பாளையைச் சொன்னார். அது ஒழுகும் என்று மூன்றாமவர் ஆட்சேபித்தார். ஒரு அம்மையார், நோயாளி ஏற்கெனவே நாளைக்கு இரண்டு பைக்கு இறங்கிவிட்டதைச் சபையின் முதல் வெற்றியாக ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் பணிப்பாளர் நாயகம் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார். ஒரு மாதத்துக்குரிய மருந்து முழுவதும், ஒரு சொட்டும் குறையாமல், வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வரும். தானே நேரில் கொண்டுவருவார்.

உலகப்பன் எழுந்து கும்பிட்டார். வழியில் ஒரு கடையில் கண்ணாத்தாளுக்குப் பிடித்த கருப்பட்டி மிட்டாய் வாங்கினார், அவளால் தின்ன முடியாது என்று தெரிந்தும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு ஜீப்பும் ஒரு லொறியும் கடைக்கு முன்னால் நின்றன. வீட்டில் மிச்சம் ஒரு பை. லொறியிலிருந்து மண்பானைகளை இறக்கினார்கள். இருபத்துநான்கு பானை. வாயில் வெள்ளைத் துணி கட்டி, நூலால் சுற்றி, ஒவ்வொன்றிலும் பத்து லீற்றர் என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை. லக்ஷ்மிப்பிரியாதான் ஒரு பானையின் துணியை அவிழ்த்துக் குனிந்து பார்த்தாள். உள்ளே தெளிந்த தண்ணீர். ஓரத்தில் ஒரு கொசு மிதந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த நூற்றியிருபது பையையும் வெட்டி, மருந்தைப் பானைகளில் ஊற்றிவிட்டு, பைகளைச் சபை தன்னிடம் வைத்துக்கொண்டது.

புகைப்படக்காரர் பானைகளை வரிசைப்படுத்தினார். பணிப்பாளர் நாயகம் நடுவில் நின்றார். மொழிபெயர்க்க ஜீப்பில் கூட வந்திருந்த சுபோதினியிடம் உலகப்பன் திரும்பினார். “அம்மா, அது கிருமி படாத தண்ணி. திறந்தா விஷம். இதை எம் பொண்டாட்டி வயித்துக்குள்ள நான் எப்பிடி விடுறதுன்னு அவர்கிட்ட கேளுங்க.”

சுபோதினியின் உதடு அசைந்தது. பிறகு சிங்களத்தில் சொன்னாள்: பானைகள் நல்ல வேலைப்பாடாக இருக்கின்றன என்று சொல்கிறார்.

பணிப்பாளர் நாயகம் நெஞ்சில் கை வைத்தார்.

உலகப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே சிங்களத்தில் சொன்னார், சந்தையில் பேசுகிற சிங்களத்தில், கொட்டாஞ்சேனை முழுவதற்கும் விளங்குகிற சொற்களில், பணிப்பாளர் நாயகத்தின் தாயையும் தகப்பனையும் சேர்த்து. தெரு அப்படியே நின்றது. பணிப்பாளர் நாயகம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுபோதினியின் பக்கம் திரும்பினார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் போலும், எழுத்தில் தரச் சொல்லுங்கள், தமிழிலேயே தரலாம் என்றார்.

ஜீப்புகள் போய்விட்டன. பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் உலகப்பன் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கவில்லை. ‘பெற்றுக்கொண்டார்’ என்று யாரோ முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள்.

கடைசிப் பையையும் கண்ணாத்தாளின் வயிற்றில் ஏற்றிவிட்டு, பின்னேரம் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. மூன்று வருடமாக அவளைத் தெரிந்த தாதி ஷபீகா கட்டிலில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள்.

“ஐயா, உங்கட வைஃபுக்கு இன்டைக்குக் காலையில நூத்தியிருபது பேக் குடுத்தாச்சு எண்டு காட்டுது. இனி அடுத்த மாசம் தான் எடுக்க ஏலும்.”

உலகப்பன் பானையைப் பற்றிச் சொன்னார். ஷபீகா இரண்டாம் தடவை சொல்லச் சொன்னாள். பிறகு திரையைக் கீழே இழுத்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“மட்டக்குளி வரதராசா எண்டு ஒருத்தர். புதன்கிழமை மௌத்தாப் போனார். சிஸ்டத்தில இன்னும் உசிரோட ஈக்கிறார். அவருட பேக் ஸ்டோர்ல கிடக்கு.” கண்ணாத்தாளைப் பார்த்தாள். “அந்தப் பேர்ல போடவா உம்மா?”

கண்ணாத்தாள் கண்ணைத் திறக்காமல், “நல்ல மனுசரா?” என்று கேட்டாள்.

“ஓம். ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல.”

“போடு.”

பை வந்தது. கம்பியில் தொங்கியது. தண்ணீர் இறங்கியது. மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, வார்டுக் கஞ்சியில் உப்பு இல்லை என்று திட்டினாள். உலகப்பன் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டு உள்ளே வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

நான்காம் நாள் சபையின் மூத்த பரிசோதகர் வார்டுக்கு வந்தார். பதிவில் இருக்கிற தங்கி வாழ்வோர் யாராவது களவாகப் பை ஏற்றுகிறார்களா என்று பார்க்க. ஒரு கையில் பதிவேடு, மறுகையில் வார்டின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் கையைத் தூக்கினார்கள்.

“வரதராசா.”

ஷபீகா மருந்துத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உலகப்பன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாத்தாள் சேலையைத் தோளில் இழுத்துவிட்டு, வளையல் குலுங்கக் கையைத் தூக்கினாள்.

பரிசோதகர் அவளைப் பார்த்தார். அவளுடைய குங்குமத்தைப் பார்த்தார். அவளுடைய பின்னறையில் நின்று பைக்கு ஸ்டிக்கர் ஒட்டியவர் அவர்தான். பிறகு தாளைப் பார்த்தார். வரதராசா, ஆண், வயது அறுபத்தேழு, மட்டக்குளி, பதிவில் இல்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.